ஒன்றரை மடங்கு

ஜுபைல், கேம்ப் கிளினிக்.
ஷைனி சிஸ்டர் கைப்பட்டையைக் கழற்றி
மறுபடி கட்டினார்.
ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி
மூன்றாம் முறையும் கட்டினார்.
நூற்று எழுபத்திரண்டு. கீழே நூற்று நாலு.
"தலைவேதனை உண்டோ?"
இல்லை.
"தலைசுத்தல்?"
நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்.
பஸ் போயிரும், கையெழுத்துப் போடுங்க.

பிரஷர் கோபக்காரர்களுக்கு வருவது,
கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும்
எங்கள் ஃபோர்மேனுக்கு.
நான் யாரையும் அதட்டியதில்லை.
மேல் கட்டில் மொஃபிஸ்
இரவு இரண்டு மணிக்கு வீடியோவில் சிரித்தாலும்
போர்வையை இழுத்துக்கொள்வதோடு சரி.

பதினேழாம் அறையில்
ஆளுக்கொரு வைத்தியம்.
பக்கீர் மைதீனுக்குக் காலையில் மூன்று பல் பூண்டு;
அறைக்கே மணம்.
தொடங்கினால் விட முடியாது,
அதனால் தொடங்கவே கூடாது என்பார் இருதயராஜ்.
சுடலைமுத்துவுக்கு ஒருமுறை சரியாக இருந்தது,
மறுநாளே நிறுத்திவிட்டான்.
மிச்ச அட்டையை என்னிடம் நீட்டினான்:
"பாதி பாதியாப் போடு. எனக்குக் கேட்டுச்சு."
ஒருவர் செருப்பில் இன்னொருவர்
பாத்ரூம் போகிற அறை.
வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் சேஃப்டிக்காரர்
உப்புக் கரைசல் பொட்டலத்தைக் கையில் திணிக்கிறார்,
குடி, விழுந்துடாதே.
சிஸ்டர் உப்பைக் குறை என்கிறார்.
கழற்றிய சட்டையின் முதுகில்
வெள்ளையாய்க் காய்ந்திருப்பதும் உப்புதான்.
எதைக் குறைக்க?
"வேர்வைக்குத் தண்ணி குடிக்கணும்.
பொட்டலம் டாக்டரைக் கேட்டிட்டு.
கட்டிலுக்கடியில் ஊறுகாய்க் குப்பி வெச்சது
வேர்வையா?"
யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

என் வேலை ஹைட்ரோ டெஸ்ட்.
குழாயில் தண்ணீர் நிரப்பி
காற்றை வெளியேற்றி
அது தாங்க வேண்டியதைப் போல்
ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு
நாலு மணி நேரம் முள்ளையே பார்த்திருப்பது.
(ஓவர்டைமும் ஒன்றரை மடங்குதான்.
அதைக் கணக்குப் பார்த்தே
பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.)
குழாய் முனகாது. நிறம் மாறாது.
"சத்தமே இல்லையே அண்ணே,
கேஜைக் கழட்டிரலாமா?" என்று கேட்ட புதுப்பையனை
அன்று முழுக்க
சிவப்பு நாடாவுக்கு வெளியே நிறுத்தினேன்.

அக்டோபர். வெள்ளிக்கிழமை. மெஸ்ஸில் பிரியாணி.
இருதயராஜ் டம்ளரை எடுக்கப் போனார்.
கை எடுக்கவில்லை.
இடது கையால் வலது கையைத் தூக்கி
மேசைமேல் வைத்து
யாருடையதோ போலப் பார்த்தார்.
ஏதோ சொல்ல வந்தார், வாய் கோணியது.
விளையாடுகிறார் என்று
இரண்டு பேர் சிரித்தார்கள்.
நானும் ஒருவன்.

அவருக்கும் தலைவலி இருந்ததில்லை.

இப்போது ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு முன்னால்
தினம் ஒன்று, என் பேரில் எழுதியது.
முதல் மாத்திரையில் கணுக்கால் வீங்கியது.
விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பி,
மறுபடி போய், காலைக் காட்டினேன்.
வேறு எழுதிக் கொடுத்தார்கள்.
போன வாரம் நூற்று முப்பத்திரண்டு.
"இறங்கிருச்சுல்ல, நிறுத்து" என்றான் சுடலை.
ஒழுகலைன்னு கூரை ஓட்டைப் பிரிப்பியாடா
என்று கேட்டுவிட்டேன்.
கேட்டபிறகு எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்,
ஆயுள் முழுக்கவா என்று.

வளர்மதியிடம் சொல்லவில்லை.
நேற்று போனில் பேசிக்கொண்டே அட்டையைப் பிதுக்கினேன்.
"என்ன சத்தம்?"
சூயிங்கம்.
அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை.
"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
நானும் போடுறேன். ஆடி மாசத்துலேர்ந்து.
நீங்க பயந்துடுவீங்கன்னு..."

எவ்வளவு என்றேன்.
மேல் எண்ணைச் சொன்னாள்.
கீழே?
மறந்துவிட்டதாம், சீட்டைத் தேடப் போனாள்.
டெஸ்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி
தேதி போட்டு
பேனாவோடு காத்திருந்தேன்.